பறவை வேட்டைக்காரரும் அவர் நாயும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், சூ ஃபால்ஸ் நகரத்தை ஒட்டி. பக்கத்து வீட்டுப் பெரியவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் ஹேசல் என்று ஒரு லாப்ரடார் இருக்கிறாள், காப்பிப்பொடி நிறம். நாங்கள் குடிவந்த மறு வருடம், "வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய், கூட நடந்து வா" என்றார். போனேன். இதுவரை ஒன்பது சீசன் அவர்கள் பின்னால் நடந்தாயிற்று. நான் துப்பாக்கியைத் தொடுவதில்லை. தண்ணீர் பாட்டில் சுமப்பேன், விழுந்த பறவையைச் சுமப்பேன், அவ்வளவுதான்.

அந்தப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான் வினை. மதுரையில் அக்கா மகள், டல்லாஸில் கல்லூரித் தோழி, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பையன் என்று எல்லோருக்கும் ஒரே சந்தேகங்கள். தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் அவரவர் கேட்டபடியே கேள்வியை வைத்து, எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். இனி யார் கேட்டாலும் இதை அனுப்பிவைப்பதாக உத்தேசம்.

கையில துப்பாக்கி இருக்கு. அப்புறம் நாய் எதுக்கு?

பறவை கண்ணில் பட்டால்தானே துப்பாக்கிக்கு வேலை? இங்கே பெரும்பாலும் வேட்டையாடுவது ஃபெசன்ட் என்ற பறவையை. நம் காட்டுக்கோழிக்கும் மயிலுக்கும் சொந்தம். சேவலுக்கு நீண்ட வால், சிவந்த முகம், கழுத்தில் வெள்ளை வளையம். சொந்த ஊர் சீனம். ஷாங்காயில் அமெரிக்கத் துணைத்தூதராக (கான்சல்) இருந்த ஓவன் டென்னி 1881-82ல் ஆரிகன் மாநிலத்துக்கு அனுப்பிவைத்த பறவைகளிலிருந்து இந்த நாட்டில் நிலைபெற்றது. தெற்கு டகோட்டாவில் முதல் ஃபெசன்ட் வேட்டை நடந்தது 1919ல், ஸ்பிங்க் கவுண்டியில், ஒரே ஒரு நாள். 1943ல் அதுவே மாநிலப் பறவையும் ஆகிவிட்டது. வந்தேறிப் பறவைதான் மாநிலப் பறவை. வந்தேறியான எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம்.

இத்தனை பளபளப்பான பறவை இடுப்பளவுப் புல்லுக்குள் உட்கார்ந்துவிட்டால் இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது. நீங்கள் கடந்துபோகும்வரை மூச்சுக்கூட விடாது. இல்லையென்றால் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடியே தப்பித்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும், கிளப்பிப் பறக்கவிட வேண்டும், விழுந்ததைத் தேடி எடுத்துவர வேண்டும். மூன்றும் நாயின் வேலை. நடுவில் ஒரு விநாடி மட்டும்தான் மனிதனுக்கு.

எல்லா வேட்டை நாயும் ஒரே வேலைதான் செய்யுமா?

இல்லை. பாயிண்டர், செட்டர், ஜெர்மன் ஷார்ட்ஹேர், பிரிட்டனி போன்றவை தூரமாக ஓடித் தேடி, பறவையைக் கண்டதும் அசையாமல் நின்று காட்டும். ஸ்ப்ரிங்கர், காக்கர் போன்ற ஸ்பேனியல்கள் ஆளுக்குப் பக்கத்திலேயே புதரைக் கிண்டிப் பறவையைக் கிளப்பும். காக்கர் என்ற பெயரே உட்காக் என்ற பறவையால் வந்தது. லாப்ரடார், கோல்டன், செசபீக் ஆகியவை ரிட்ரீவர்கள், விழுந்ததை எடுத்துவரப் பிறந்தவை. ஆனால் இங்கே லாப்ரடாரை வைத்தே பறவையைக் கிளப்பவும் செய்கிறார்கள். ஹேசல் அப்படித்தான், இரண்டு வேலையும் பார்ப்பாள்.

செட்டர் கதை சுவையானது. துப்பாக்கி பரவுவதற்கு முன்பே அந்த இனம் இருந்தது. பறவையைக் கண்டதும் நாய் தரையோடு பதுங்கிவிடும், பின்னால் வருபவர்கள் பறவைக் கூட்டத்தின் மேல் வலையை வீசி இழுப்பார்கள். லாப்ரடாரின் முன்னோர் கனடாவின் லாப்ரடார் பகுதியைச் சேர்ந்தவர்களே அல்லர், பக்கத்துத் தீவான நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் தண்ணீர் நாய்கள். பிரிட்டனுக்குக் கப்பலில் வந்து, அங்கே பிரபுக்களின் பண்ணைகளில் வளர்ந்து, 1903ல்தான் அங்கே நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது.

பாயிண்ட் பண்றதுன்னா என்ன? சிலை மாதிரி நிக்குமாமே?

நிற்கும். ஒருமுறை பெரியவரின் நண்பர் தன் பாயிண்டரோடு வந்திருந்தார். முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த நாய் ஏதோ கயிறு இழுத்தாற்போல் நின்றது. ஒரு முன்னங்கால் மடங்கியபடி, வால் நீட்டிக்கொண்டு, மூக்கு ஒரு புல்கொத்தைப் பார்த்தபடி. தொடைத் தசை மட்டும் மெல்ல நடுங்கியது. நாங்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர மூன்று நிமிடமாவது ஆகியிருக்கும். அதுவரை கண்ணிமைகூட ஆடவில்லை.

பல வேட்டை மிருகங்களும் இரைமேல் பாயும்முன் ஒரு கணம் நின்று குறிபார்க்கும், பூனையைப் பார்த்தால் தெரியும். அந்த ஒரு கணத்தைப் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கி நீட்டியதுதான் பாயிண்ட். இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது இன்னொன்று. கூட்டாளி நாய் நிற்பதைப் பார்த்தால், மோப்பம் எதுவும் வராவிட்டாலும், தூரத்தில் வரும் இரண்டாவது நாயும் அப்படியே நின்றுவிடும். "உன் கண்டுபிடிப்பு, உனக்கே" என்கிற மரியாதை. கூட்டங்களில் அடுத்தவர் யோசனையைத் தன்னுடையதாகப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது இந்த நாய்கள் ஞாபகம் வரும்.

சித்தி, பறவையை அதுவே தின்னுடாதா?

இதை மதுரையிலிருந்து கேட்டவளுக்கு ஒன்பது வயது. ஆனால் பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். தின்னாது. ரிட்ரீவர்களின் வாய் மென்மையாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறார்கள். குட்டியாக இருக்கும்போது கயிறிழுப்பு விளையாட்டு கூடாது, வாயிலிருப்பதை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது என்று பெரியவர் கறாராகச் சொல்வார். பிடுங்கினால் நாய் அடுத்த முறை இறுக்கிக் கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

ஹேசல் கொண்டுவரும் சேவலை நான்தான் வாங்கிப் பையில் வைப்பேன். இறகில் எச்சில் ஈரம் இருக்கும், பல் தடம் இருக்காது. சில சமயம் பறவைக்கு உயிர்கூட இருக்கும். இறைச்சி வெட்டும்போது குடல் பாகத்தில் கொஞ்சம் அவளுக்கு உண்டா என்று கேட்டேன். "அந்த ருசி மட்டும் காட்டவே மாட்டேன்" என்றார்.

தீபாவளிக்கே எங்க நாய் கட்டிலுக்கு அடியில போய் ஒளியுது. துப்பாக்கிச் சத்தத்துக்கு இதுங்க பயப்படாதா?

பழக்காமல் பக்கத்தில் வெடித்தால் நிச்சயம் பயப்படும். ஒருமுறை பயந்துவிட்டால் சில நாய்கள் அதன்பிறகு துப்பாக்கியைப் பார்த்தாலே வண்டிக்கு அடியில் போய்விடும். அந்தப் பயம் பெரும்பாலும் மனிதன் உண்டாக்குவது. "சத்தம் பழகட்டும்" என்று குட்டியைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குத் தூக்கிப்போகிறவர்கள்தான் அதைக் கெடுப்பவர்கள்.

சரியாகச் செய்பவர்கள் மெல்லப் போவார்கள். குட்டி ஆசையாக ஒன்றைத் துரத்திக்கொண்டிருக்கும்போது, நூறு அடிக்கும் அப்பால் ஒருவர் வெற்றுத் தோட்டா வெடிப்பார். குட்டி திரும்பிக்கூடப் பார்க்காவிட்டால் அடுத்த நாள் இன்னும் சற்று அருகில். காது சிலிர்த்தால் அன்றைக்கு நிறுத்தம், மறுபடி தூரம். இப்படி வாரக்கணக்கில். கடைசியில் நாயின் மனத்தில் அந்தச் சத்தத்துக்கு "இப்போது ஏதோ நல்லது நடக்கப்போகிறது" என்பதே பொருள். தீபாவளிக்கு நம் நாய்களுக்கு அந்த வாரங்களும் கிடைப்பதில்லை, அந்த நல்லதும் கிடைப்பதில்லை.

உண்மையைச் சொல்லுங்க, அடிச்சுத்தானே பழக்குறாங்க?

சிலர் அப்படித்தான். மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் பழைய முறை ஒன்று இன்றும் நடப்பில் இருக்கிறது. நாயின் காதைக் கிள்ளி, அது வாயைத் திறந்ததும் கட்டையைக் கவ்வவைத்து, கவ்வியவுடன் கிள்ளலை நிறுத்துவது. எடுத்துவருவது கட்டாயம், விருப்பம் அல்ல என்று பதியவைப்பதற்காம். மின்னதிர்வு தரும் கழுத்துப்பட்டையும் இங்கே சாதாரணம். வேல்ஸில் அந்தப் பட்டையை 2010லேயே தடை செய்துவிட்டார்கள். தேவையே இல்லை, நல்ல வம்சத்து நாய் தானாக எடுத்துவரும் என்று சொல்லும் பயிற்சியாளர்களும் நிறைய இருக்கிறார்கள்.

பெரியவர் தன் முதல் நாயைக் காது கிள்ளித்தான் பழக்கினார். அது வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவர் கையை உயர்த்தினால் கண்ணை மூடிக்கொள்ளுமாம், சாகும்வரை. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஹேசலின் காதை நீவிக்கொண்டிருந்தார். ஹேசலைப் பழக்கியது ஊதலும், கோழி ஈரல் துண்டும், பொறுமையும். என் கட்சியும் அதுதான்.

நாய்க்கு இதுல என்ன லாபம்? இறைச்சியும் கிடையாதுன்னு சொல்லிட்டீங்க.

வேலையே லாபம். நம்பாதவர்கள் அக்டோபர் காலையில் பெரியவர் வீட்டுக்கு வாருங்கள். துப்பாக்கி உறையின் ஜிப் சத்தம் கேட்டால் போதும், ஹேசல் மாடியிலிருந்து உருண்டு விழாத குறையாக இறங்கிவருவாள். அதே மாதிரிப் பயணப்பெட்டியின் ஜிப்பைத் திறந்தால் தலையைக்கூடத் தூக்க மாட்டாள். அந்த இரண்டு ஜிப்புக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

இது நட்பா? இல்ல முதலாளி, வேலைக்காரன் மாதிரியா?

டல்லாஸ் தோழி கேட்டது. உண்மையில் இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு நவம்பர். கோரை அடர்ந்த சதுப்பு, ஓரத்தில் ஐஸ் தட்டத் தொடங்கியிருந்தது. ஒரு சேவல் சதுப்புக்கு அந்தப் பக்கம் விழுந்தது. ஒற்றையாக நின்ற காட்டன்வுட் மரத்துக்கு வலப்புறம் என்று நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். ஹேசல் அப்போது கோரைக்குள் இருந்ததால் விழுந்ததைப் பார்க்கவில்லை. இப்படி நாய் பார்க்காமல் விழுந்தால் மனிதன்தான் வழி சொல்ல வேண்டும். ஊதல் ஒருமுறை நீளமாகக் கேட்டால் நாய் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும், கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் போகும். அவள் நீந்திக் கரையேறியதும் இடப்பக்கம் திரும்பினாள். ஊதினார், உட்கார்ந்தாள். வலக்கையை நீட்டினார். மூன்று அடி வைத்தாள், நின்றாள், அவரைப் பார்த்தாள். மறுபடி ஊதல், மறுபடி வலக்கை. போனாள். மரத்தைச் சுற்றி ஒழுங்காகத் தேடினாள், ஒன்றும் இல்லை. திரும்பி உட்கார்ந்து, கூப்பிடாமலே, அவர் முகத்தைப் பார்த்தாள். நூறு அடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே அந்தப் பார்வை புரிந்தது.

அவர் கையைக் கீழே போட்டார். "சரி, உன் இஷ்டம்" என்று வாய்க்குள் சொன்னார், அது அவளுக்குக் கேட்டிருக்காது. கை இறங்கியதே போதும். விட்ட இடத்துக்கு நேராக ஓடி, இடப்பக்கம் புல்லுக்குள் மறைந்தாள். நாங்கள் கரையில் காத்திருந்தோம். ஆறேழு நிமிடம் கழித்து அங்கிருந்து வெளியே வந்தபோது வாயில் அந்தச் சேவல், உயிரோடு. இறக்கை ஒடிந்து விழுந்தது, விழுந்த இடத்தில் இருக்காமல் இடப்பக்கமாக ஓடியிருக்கிறது. ஓடிய தடத்தை அவள் கரையேறியபோதே பிடித்துவிட்டாள், நாங்கள்தான் தடுத்திருக்கிறோம். தண்ணீர் சொட்ட வந்து நின்றவளிடம் அவர் தொப்பியைக் கழற்றி, "மன்னிக்க வேண்டும், மேடம்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

வேலைக்காரன் என்றால் வலப்பக்கமே தேடிக்கொண்டிருந்திருப்பான். முதலாளி என்றால் கையை இறக்கியிருக்க மாட்டார். குருடன் தோளில் முடவன் ஏறிப்போன கதையில் யார் முதலாளி? மூக்கு அவளுடையது, துப்பாக்கி அவருடையது. எப்போது யார் பேச்சை யார் கேட்பது என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது. அதற்கு நட்பைத் தவிர வேறு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. இங்குள்ள வேட்டைக்காரர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடமும் "நாயை நம்பு" என்பதுதான்.

அவ்வளவு தூரத்துல இருந்து எப்படி மோப்பம் பிடிக்குது?

காற்றை எதிர்த்து நடந்தால் பறவையின் வாசம் நாயைத் தேடி வரும். அதனால் வயலுக்குள் எந்தப் பக்கத்திலிருந்து நுழைவது என்பதைத் தீர்மானிப்பதே காற்றுதான். பெரியவர் வண்டியை நிறுத்தியதும் ஒரு புல்லைக் கிள்ளி மேலே விடுவார். குளிர்ந்த ஈரக் காலையில் வாசம் தரையோடு தங்கும், வறண்ட உச்சிவெயிலில் பறந்துவிடும். நாய் மூச்சை வெளியே விடுவது மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக, அதனால் வெளியேறும் மூச்சு உள்ளே வரும் வாசத்தைக் கலைப்பதில்லை.

இவர் குறி தப்பினா நாய்க்குக் கோபம் வருமா?

கோபம் என்று சொல்ல மாட்டேன். ஏமாற்றம் உண்டு. அரைமணி நேரம் தடம் பிடித்துக் கிளப்பிய பறவை, இரண்டு தோட்டாவுக்கும் தப்பிப் பறந்துபோனால், ஹேசல் அது மறையும்வரை பார்ப்பாள். பிறகு அவரைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள், சாட்சி வேண்டும்போல. பெரியவர் உடனே சூரியன் கண்ணில் அடித்தது என்று ஏதாவது சொல்வார். மேகமூட்டமான நாளிலும்.

தப்பை நாய் செய்யும் நாள்களும் உண்டு. தோட்டா எட்டாத தூரத்தில் பறவையைக் கிளப்பிவிடுவது, முயலைத் துரத்திக்கொண்டு ஓடுவது, இதெல்லாம் நடக்கும். அன்று அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் கொடுப்பார். கணக்கு நேராகிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

பெட்டையைச் சுடக்கூடாதுன்னு சட்டமாமே. அது நாய்க்கு எப்படித் தெரியும்?

தெரியாது, தெரியவும் வேண்டாம். சேவலையும் பெட்டையையும் ஒரே மாதிரித்தான் கிளப்பும். பிரித்துப் பார்ப்பது மனிதன் பொறுப்பு. பறவை புல்லிலிருந்து கிளம்பியதும் யாராவது "ரூஸ்டர்!" என்றோ "ஹென்!" என்றோ கத்துவார்கள். சந்தேகமிருந்தால் சுடக் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல்தான். காலை பத்து மணிக்கு முன் ஒரு தோட்டாகூட வெடிக்கக் கூடாது. எடுத்துப்போகும்போது சேவல்தான் என்று காட்ட தலையோ காலோ இறகோ பறவையில் இருக்க வேண்டும். சீசன் அக்டோபரின் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை.

பெட்டை பறந்துபோகும்போது சுடாமல் நிற்பதை ஹேசல் புரிந்துகொண்டிருக்கிறாளா என்று பெரியவரைக் கேட்டேன். "நான் குறி தப்பினேன் என்றுதான் நினைக்கிறாள், பாதி நாள் அதுவும் உண்மை" என்றார்.

நாள் முழுக்க ஓடினா அதுக்கு ஆபத்து இல்லையா?

இருக்கிறது. பலரும் குளிரைத்தான் நினைக்கிறார்கள், கொல்வது வெயில். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், மற்றபடி மூச்சிரைத்துத்தான் உடல் குளிர வேண்டும். கோடை முழுக்கச் சோபாவில் கிடந்த நாய் முதல் நாளே முழு வேகத்தில் ஓடும், நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. 2003ல் இந்த மாநிலத்தில் சீசன் தொடங்கிய வார இறுதி எதிர்பாராத வெப்பமாகிவிட்டது. நிறைய நாய்கள் வயலிலேயே செத்தன. இன்றும் முதல் நாள் சற்றுச் சூடாக இருந்தால் பெரியவர்கள் அந்த வருடத்தைச் சொல்லுவார்கள். நாக்கு அகன்று தொங்கினாலோ நடை தள்ளாடினாலோ வேட்டை அதோடு முடிந்தது. நிழல், தண்ணீர், பிறகு கால்நடை மருத்துவர்.

மற்றவை சிறியவை, ஆனால் தினமும் வருபவை. முள்கம்பிக் கீறல். கோரைத் தட்டை கண்ணில் குத்துவது. புல்லின் கூர்முனை காதுக்குள்ளோ விரலிடுக்கிலோ ஏறி, உள்ளேயே நகர்ந்து சீழ்வைப்பது. மாலையில் வண்டியின் பின்கதவை இறக்கி அதில் ஹேசலை ஏற்றி நிற்கவைப்பார். நான் டார்ச் பிடிப்பேன். காது மடலைத் திருப்பி, கண் ஓரத்தை விரலால் துடைத்து, நான்கு பாதத்திலும் ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்து, அக்குளில் ஒட்டிய முள்காய்களை ஒவ்வொன்றாக எடுப்பார். அவருக்குக் கையில் முடக்குவாதம், தன் சட்டைப் பித்தானைப் போட மனைவியைக் கூப்பிடுகிறவர். அந்த முள்களை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார். இருபது நிமிடமாவது ஆகும். அதன் பிறகுதான் அவருக்குக் காப்பி.

வேலை நாய்னா வெளியே கொட்டகையில தானே தூங்கும்?

கென்னலில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், வீட்டுச் சோபா நாயைக் கெடுக்கும் என்ற பழைய நம்பிக்கையும் இருக்கிறது. ஹேசல் தூங்கத் தொடங்கியது கட்டிலின் கால்மாட்டில். பெரியவரின் மனைவி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது ஹேசல் நடுவிலேயே படுக்கிறாள். கெட்டதாகத் தெரியவில்லை.

எப்படிச் சொன்னாலும் கொலைதானே? அதுக்கு நாயையும் கூட்டுச் சேர்க்கிறது பாவமில்லையா?

என் அம்மா கேட்டது. அம்மாவுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். கொலைதான். அதனால்தான் நான் சுடுவதில்லை. ஆனால் கோழிக்கடையில் தோலுரித்து வாங்கிவரும் நான், மூன்று சேவலுக்கு எட்டு மைல் நடப்பவரைப் பாவி என்று சொல்லும் இடத்தில் இல்லை.

நாய் இருப்பதால் பாவம் குறைகிறது என்பது என் எண்ணம். மேலே சதுப்புக் கதையில் சொன்ன சேவலை நினைத்துப்பாருங்கள். ஹேசல் இல்லாவிட்டால் ஒடிந்த இறக்கையோடு அது இரண்டு நாள் கிடந்து செத்திருக்கும், அல்லது நரி தின்றிருக்கும். இதை அமெரிக்க அரசாங்கமே முத்திரைத்தலை போட்டுச் சொல்லியிருக்கிறது. 1934லிருந்து வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரு தனி முத்திரைத்தலை வாங்கியாக வேண்டும், அந்தப் பணம் ஈரநிலங்களை வாங்கிக் காப்பதற்குப் போகிறது. 1959ஆம் ஆண்டுத் தலையில் கிங் பக் என்ற கறுப்பு லாப்ரடார் வாயில் வாத்தோடு நிற்கும். 1952, 1953 இரண்டு ஆண்டும் ரிட்ரீவர் தேசியப் போட்டியில் வென்ற நாய். எடுத்துவரும் நாய்கள் வேட்டைப் பறவையை வீணாகாமல் காக்கின்றன என்ற பொருளில் ஒரு வரியும் அதில் உண்டு. அம்மா கடைசியாகச் சொன்னது: "நாய்க்குப் புண்ணியம் சரி, அந்த ஆளுக்கு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்க ஊர்ல கவுதாரி நிறைய. எங்க ராஜபாளையம் நாயை இதுக்குப் பழக்கலாமா?

கூடாது. அலுவலகப் பையனின் தம்பி சிவகங்கைப் பக்கத்திலிருந்து கேட்டான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரி, காடை எதையும் பிடிக்கவோ சுடவோ கூடாது. நாயை விட்டுப் பிடித்தாலும் வேட்டைதான், சிறைக்குப் போக நேரும். இங்கே நடப்பது உரிமம், கணக்கு, சீசன் எல்லாம் உள்ள வேறொரு ஏற்பாடு. அதைப் பார்த்து அங்கே செய்ய முடியாது. பறவையைச் சுட வேண்டாம் என்று வேடந்தாங்கல்காரர்கள் வெள்ளைக்கார ஆட்சியரிடமே போய் உத்தரவு வாங்கிவந்த நாடு நம்முடையது.

மேலும் சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு நாய்கள் கண்ணால் பார்த்து ஓடித் துரத்தும் இனம். மூக்கால் தேடி, நின்று, வாய் நோகாமல் கொண்டுவருவது அவற்றின் பிறவிக் குணம் அல்ல. நாய்க்கு வேலை கொடுக்க ஆசையென்றால் ஒரு பழைய காலுறையில் மணலை நிரப்பி, வீட்டைச் சுற்றி ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், பிறகு செடிக்குப் பின்னால், பிறகு மாடியில். லாப்ரடார் வைத்திருந்தால் இன்னும் எளிது. இரண்டு வாரத்தில் நாய் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

பிப்ரவரியிலருந்து செப்டம்பர் வரைக்கும் என்ன பண்ணுவாங்க?

அந்தக் காலுறை விளையாட்டுத்தான், கான்வாஸ் பொம்மையை வைத்து. சிலர் களப் போட்டிகளுக்குப் போவார்கள். இங்கிலாந்தில் 1865ல் பெட்ஃபோர்ட்ஷயரின் சவுத்ஹில்லில் பாயிண்டர்களுக்கும் செட்டர்களுக்கும் நடந்ததுதான் பதிவான முதல் போட்டி, அமெரிக்காவில் 1874ல் மெம்ஃபிஸில். பெரியவருக்குப் போட்டி பிடிக்காது. "மற்றவர்கள் மதிப்பெண் போட்டு என் நாயை நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை" என்பார். மாலையில் குளத்தில் பொம்மையை வீசுவார், அவ்வளவுதான்.

வயசானா என்ன செய்வாங்க? இன்னொரு நாய் வாங்கிட்டு இதை ஓரங்கட்டிடுவாங்களா?

ஹேசலுக்கு இப்போது பதினொன்று. முகம் வெளுத்துவிட்டது, பின்னங்கால் காலையில் மடங்க நேரம் எடுக்கிறது. காதும் பாதிதான், ஊதல் சில சமயம் எட்டுவதில்லை. மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. கிழ நாய் இருக்கும்போதே குட்டியைக் கொண்டுவந்துவிடுவது இங்கே வழக்கம், பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பதற்காக. வீடு ஒரேயடியாக வெறிச்சோடாமல் இருப்பதற்காகவும்தான் என்று நினைக்கிறேன். பெரியவர் போன வசந்தத்தில் ஒரு கறுப்புக் குட்டி வாங்கினார். ஹேசல் முதல் வாரம் அவரோடு பேசவில்லை, என் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்டாள்.

போன சீசனில் அவர் செய்தது இதுதான். குட்டியோடு முழு வயலையும் நடப்பார். கடைசியில், சாலையோரம் தட்டையான புல்வெளி அரை மைல் இருக்கிறதே, அதை மட்டும் விட்டுவைப்பார். குட்டியை வண்டிக்குள் அடைத்துவிட்டு, ஹேசலைத் தூக்கிக் கீழே இறக்குவார். இப்போது அவளால் குதிக்க முடியாது. துப்பாக்கியில் ஒரே ஒரு தோட்டா. இருவரும் ஒரே வேகத்தில், அதாவது மிக மெதுவாக, காற்றை எதிர்த்து நடப்பார்கள். வண்டிக்குள் குட்டி ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். பெரும்பாலான நாள் ஒன்றும் கிளம்பாது. டிசம்பரில் ஒருநாள் ஒரு சேவல் கிளம்பியது, அவர் சுட்டார், விழுந்தது. நாற்பது அடிகூட இருக்காது. அவள் போய் எடுத்துவரப் பத்து நிமிடம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை பறவையைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். நான் போய் எடுத்துவரவா என்று ஓரடி வைத்தேன். பெரியவர் திரும்பாமலே கையை நீட்டி என்னை நிறுத்தினார்.